பேஸ் வரிகளைக் காதால் கேட்டு எழுதியது: நோட் எங்கே நிற்கிறது என்பதுதான் பாதி வேலை

ஜாஸ் கலைஞர் பால் சேம்பர்ஸ் 1959-இல் டபுள் பேஸில் (நின்றபடி வாசிக்கும் பெரிய பேஸ்) வாசித்த ஒரு வாக்கிங் வரியை (பீட்டுக்கு ஒரு நோட்டாக நடந்துபோகும் பேஸ் வரி), பன்னிரண்டு பாரும் (ஒரு பார் என்பது நான்கு பீட்) காதால் மட்டுமே கேட்டு எழுதி, என் பேஸ் கிட்டாரில் பதிவோடு சேர்த்து வாசித்துப் பார்த்தேன். ஒட்டியது. அங்கங்கே பிசிறு இருந்தாலும் வரி அதுதான். அதற்கு முன்னால் சோல், ஃபங்க் பாட்டுகளோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன். எந்த வரிசையில் போனேன், எந்தக் கருவி கைகொடுத்தது, எது வெட்டிவேலை என்பதையெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். ஸ்கேல் பாடம், கார்டு தியரி எதுவும் இதில் வராது. அதைச் சொல்லித்தர ஆள் நிறைய இருக்கிறார்கள்.

அதுவரை டேப் (டேப்லேச்சர்) பார்த்து வாசிப்பதுதான் வழக்கம். எந்த ஸ்ட்ரிங், எந்த ஃப்ரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டை) என்று எண்ணாகவே இருப்பதால் கை சட்டென்று போய்விடும். ஆனால் பெரும்பாலான டேப்களில் தாளக்கணக்கு இருக்காது, நோட் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பது அறவே இருக்காது. எண் எல்லாம் சரியாக இருக்கும், கேட்டால் அந்தப் பாட்டு மாதிரியே இருக்காது. காதால் கேட்டு எழுதத் தொடங்கியதற்கு இந்த எரிச்சல்தான் காரணம்.

கையில் இருந்தவை: 34 அங்குல ஸ்கேல் கொண்ட நான்கு ஸ்ட்ரிங் பேஸ், அதில் சாதாரண ரவுண்ட்வவுண்ட் ஸ்ட்ரிங் செட் (உருண்டைக் கம்பி சுற்றியது, தடிமன் அங்குலத்தின் ஆயிரத்தில் 45 முதல் 105 பங்கு வரை), ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை முழுதும் மூடும் ஒயர் வைத்த ஹெட்ஃபோன், மடிக்கணினியில் ஒலியைத் திருத்த ஆடாசிட்டி, நோட்டேஷன் எழுத மியூஸ்ஸ்கோர். இரண்டு மென்பொருளும் இலவசம். அப்புறம் கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், ரப்பர். இடையில் புதிதாகச் சேர்ந்தது ஒரு ஃப்ளாட்வவுண்ட் செட்டும் (தட்டைக் கம்பி சுற்றிய வழவழப்பான ஸ்ட்ரிங்) ஒரு துண்டு ஸ்பாஞ்சும் மட்டும்தான். பணச் செலவு அவ்வளவே. நேரச் செலவுதான் பெரிது. ஆரம்பத்தில் நான்கு பார் எழுதவே ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

முதல் சிக்கல் கேட்பதிலேயே வந்தது. பேஸின் திறந்த ஸ்ட்ரிங்குகள் கீழிருந்து மேலாக ஈ, ஏ, டி, ஜி. அவற்றின் அதிர்வெண் முறையே சுமார் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். மடிக்கணினியின் ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. அதில் நாம் கேட்பது அந்த நோட்டின் மேல் அடுக்கு ஒலிகளை மட்டும்தான், அடியில் இருப்பதை மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது. இதனால் நோட்டின் பெயர் சரியாக வரும், ஆக்டேவ் (ஸ்தாயி) மாறிப்போகும். கீழே இருக்க வேண்டியதை மேலே எழுதிவிடுவோம். ஹெட்ஃபோன் போட்டதும் இது பெருமளவு சரியானது. ப்ளூடூத் ஹெட்ஃபோன் கேட்க மட்டும் சரி, சேர்ந்து வாசிக்க உதவாது. ஒலி தாமதமாக வருவதால் நம் கை எப்போதும் பிந்தியே இருப்பதுபோலத் தெரியும்.

அடுத்து ஃபில்டர். பேஸ் மட்டும் கேட்டால் போதும் என்று ஆடாசிட்டியில் லோ-பாஸ் ஃபில்டரை (மேல் ஒலிகளை வெட்டுவது) 200 ஹெர்ட்ஸில் வைத்தேன். குரலும் பிராஸும் போய்விட்டன, ஆனால் பேஸும் உருத்தெரியாமல் போனது. விரல் ஸ்ட்ரிங்கை விடும் அந்த 'டக்' என்ற தொடக்கம் அதைவிட மிக மேலே இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் நோட் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது, ஒரு உறுமல்தான் மிஞ்சும். 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே மட்டும் மெதுவாகச் சரியும்படி மாற்றியபோதுதான் பயன்பட்டது. 1960-களின் ஸ்டீரியோ பதிவுகள் பலவற்றில் பேஸ் ஏதாவது ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். முதலில் இடது, வலது சேனலைத் தனித்தனியாகப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஃபில்டரே தேவைப்படாமல் போகலாம்.

இப்போது டெமக்ஸ் போன்ற மென்பொருள்கள் பாட்டிலிருந்து பேஸை மட்டும் பிரித்துக் கொடுக்கின்றன. அதையும் பயன்படுத்தினேன், நன்றாகவே பிரிக்கிறது. ஆனால் கிக் ட்ரம்மின் அடி பேஸோடு ஒட்டிக்கொண்டு வரும். கோஸ்ட் நோட்டுகள், அதாவது சுருதி இல்லாமல் 'தப்' என்று மட்டும் கேட்கும் செத்த அடிகள், பாதிக்குமேல் காணாமல் போகும். நோட்டின் வால்பகுதியும் மங்கிவிடும். அதனால் எந்த நோட் என்ற சந்தேகம் தீர்க்க மட்டும் பிரித்த பதிவு, மற்ற எல்லாவற்றுக்கும் மூலப்பதிவு என்று வைத்துக்கொண்டேன்.

எனக்கு அதிகம் உதவிய உத்தி சுருதியை ஒரு ஆக்டேவ் ஏற்றிக் கேட்பது. ஆடாசிட்டியில் 'சேஞ்ச் பிட்ச்' போய் 12 செமிடோன் ஏற்றினால் வேகம் மாறாமல் பாட்டு முழுதும் ஏறி, பேஸ் ஒலி கிட்டார் உயரத்துக்கு வந்துவிடும். நம் காது அந்த உயரத்தில் கூர்மை. அடியில் இருந்தபோது ஏ-வா ஏ ஃப்ளாட்டா என்று இழுபறியாக இருந்தது அங்கே ஒரு நொடியில் தெளியும். இதில் ஒரு வேடிக்கை: பேஸ் கிட்டாருக்கான நோட்டேஷனே உண்மையான ஒலியைவிட ஒரு ஆக்டேவ் மேலேதான் எழுதப்படுகிறது. ஆக, ஏற்றிக் கேட்பதை அப்படியே எழுதினால் தாளில் சரியாக வந்துவிடும்.

வேகத்தைக் குறைப்பதில் கவனம் வேண்டும். பாதி வேகத்தில் போட்டால் நோட்டின் தொடக்கம் கரைந்துவிடுகிறது, க்ரூவும் (தாளத்தின் ஓட்டம்) செத்துவிடுகிறது. எது பீட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று அந்த வேகத்தில் யாராலும் சொல்ல முடியாது. 70 சதவீதம் வரை தாங்கும். சுருதியைக் கண்டுபிடிக்க மெதுவான வேகம், தாளத்தைக் கண்டுபிடிக்க முழு வேகம் என்று வேலையைப் பிரித்துக்கொண்டேன்.

சரி, பாட்டுகளுக்கு வருவோம்.

முதலில் எடுத்தது பென் ஈ. கிங்கின் 'ஸ்டாண்ட் பை மீ', 1961. எட்டு பார் சுற்று: ஏ இரண்டு பார், எஃப் ஷார்ப் மைனர் இரண்டு பார், டி ஒன்று, ஈ ஒன்று, மறுபடி ஏ இரண்டு. பாட்டு முழுக்க இதுவே சுழலும், பேஸும் ஒரே தாள அமைப்பை நான்கு கார்டுகள் மேலும் நகர்த்திக்கொண்டே போகும். நோட்டுகளை எழுதுவது சுலபமாக முடிந்தது. அதைவிட, எழுதுவதற்கு முன் வாயால் பாடிப் பார்க்கும் பழக்கம் இங்கேதான் பிடித்தது. ஒரு பாரை லூப்பில் விட்டு, நிறுத்திவிட்டு, பேஸைத் தொடாமல் முனகிப் பார்ப்பது. பாட வரவில்லை என்றால் இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம். பாட வந்துவிட்டால் ஃப்ரெட்போர்டில் அதைத் தேடுவது சில நொடி வேலை. பாடாமல் நேரே ஃப்ரெட்டுகளைத் தடவித் தேடிய நாட்களில் எல்லாம் 'கிட்டத்தட்ட சரி' என்ற இடத்திலேயே நின்றுவிடுவேன்.

அடுத்தது ஓட்டிஸ் ரெடிங்கின் 'டாக் ஆஃப் த பே', 1968-இல் வெளிவந்தது. மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் பதிவு, பேஸ் டொனால்டு 'டக்' டன். ஜி, பி செவன், சி, அப்புறம் சி-யிலிருந்து பி, பி ஃப்ளாட், ஏ என்று அரை அரையாக இறங்கும் வரிசை. டன் வாசிப்பதில் ஆடம்பரமே கிடையாது. அதனால்தான் கற்றுக்கொள்ள நல்லது. எழுதி முடித்த தாளைப் பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும், வாசித்தால் பாட்டு ஓடும். ஆக்டேவைச் சரிபார்க்கும் பயிற்சியும் இதில் கிடைத்தது. அந்த இறங்கு வரிசையை வேறு ஆக்டேவில் வாசித்துப் பார்த்தால் பாட்டின் அடியே ஆட்டம் கண்டதுபோல் இருக்கும்.

இந்த இரண்டிலும் கிடைத்த தைரியத்தில் ஜேம்ஸ் ஜேமர்சனிடம் போனேன். டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்தில் 1960-கள் முழுக்க எண்ணற்ற ஹிட் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்தவர். அந்த இசைக்கலைஞர்களின் பெயரை அப்போது இசைத்தட்டு உறைகளில் போடுவதில்லை. மார்வின் கேயின் 1971 ஆல்பமான 'வாட்ஸ் கோயிங் ஆன்' அதை மாற்றியது. நான் எடுத்ததும் அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டுதான். கீ ஈ மேஜர்.

முதல் நான்கு பாரை எழுதினேன். நோட்டுகளில் சந்தேகமில்லை, ஏற்றிக் கேட்டும் பாடிப் பார்த்தும் உறுதி செய்தாயிற்று. ஆனால் வாசித்தால் கை தந்தியடித்தது. ஐந்தாம் ஃப்ரெட்டுக்கும் ஒன்பதாம் ஃப்ரெட்டுக்கும் இடையில் எல்லாவற்றையும் அடக்கப் பார்த்ததுதான் காரணம். திறந்த ஸ்ட்ரிங்குகளை எந்தக் கீயிலும் கூச்சமில்லாமல் கடந்துபோகும் நோட்டாகப் பயன்படுத்துவது ஜேமர்சனின் பாணி. அதைத் தெரிந்துகொண்டு கையைக் கழுத்தின் அடிப்பக்கம், முதல் நான்கு ஃப்ரெட்டுகளுக்குக் கொண்டுவந்து, ஈ, ஏ ஸ்ட்ரிங்குகளைத் திறந்தே விட்டு வாசித்தேன். கடினமாக இருந்த இடங்கள் கைக்கு அடங்கின. திறந்த ஸ்ட்ரிங் ஒலிக்கும் அந்தக் கணத்தில் இடது கை அடுத்த இடத்துக்கு நகர்ந்துகொள்ளலாம். கேட்டு எழுதும்போது நோட் மட்டும் போதாது, எந்த ஸ்ட்ரிங்கில் என்பதையும் எழுத வேண்டும் என்று அப்போதிருந்து வைத்துக்கொண்டேன். ஒலியின் நிறத்தைக் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதே ஏ நோட் திறந்த ஸ்ட்ரிங்கில் தெளிவாக இருக்கும், ஈ ஸ்ட்ரிங்கின் ஐந்தாம் ஃப்ரெட்டில் தடிமனாக இருக்கும்.

இருந்தும் என் பேஸ் அவருடையது மாதிரி ஒலிக்கவில்லை. இழுத்து இழுத்து மணியடித்தது. ஜேமர்சனிடம் இருந்தது 1962 மாடல் ஃபெண்டர் ப்ரிசிஷன். அதில் தடித்த ஃப்ளாட்வவுண்ட் ஸ்ட்ரிங், அறுந்தால் தவிர மாற்ற மாட்டார் என்று பெயர். பிரிட்ஜ் (உடல் பக்கம் ஸ்ட்ரிங் முடியும் இடம்) மூடிக்கு அடியில் ஃபோம். வலது கையில் ஆட்காட்டி விரல் ஒன்று மட்டும். மூன்றையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

ஸ்பாஞ்ச் சுலபம். பிரிட்ஜ் பக்கத்தில் என் பேஸின் முதல் ஸ்ட்ரிங்குக்கும் கடைசி ஸ்ட்ரிங்குக்கும் இடையே சுமார் 57 மி.மீ. இருக்கிறது, ஆகவே 7 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டினேன். 2 செ.மீ. உயரத்தில் வெட்டி அழுத்திச் செருகியபோது நோட் பிறக்கும்போதே செத்தது, சுருதியே கேட்கவில்லை. ஸ்ட்ரிங்கை மேலே தூக்காமல் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும் அளவுக்குச் சீவிச் சீவி 1.5 செ.மீ.க்குக் கொண்டுவந்தேன். இப்போது நோட் 'தும்' என்று பிறந்து தானாக அடங்குகிறது. பட்டையைப் பிரிட்ஜை ஒட்டி வைத்தால் மென்மையான மியூட், பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) பக்கம் நகர்த்த நகர்த்த அழுத்தம் கூடும். அந்தச் சில மில்லிமீட்டர் நகர்த்தலுக்கே ஒலி மாறுவதால் சரியான இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டேன்.

ஃப்ளாட்வவுண்ட் மாற்றியதில் கூடுதல் வேலை வந்தது. நான் போட்ட செட் பழையதைவிட அதிகம் இழுத்ததால் கழுத்து வளைந்து ஸ்ட்ரிங் உயர்ந்துவிட்டது. முதல் ஃப்ரெட்டையும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவில் ஏழாம் எட்டாம் ஃப்ரெட்டின் மேல் உள்ள இடைவெளியை அளந்தால் வளைவு தெரியும். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, சுமார் 0.3 மி.மீ., எனக்குப் போதும். இருந்தது அதைப்போல இரண்டு மடங்கு. கழுத்துக்குள் ஓடும் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் சுற்று இறுக்கி, ஒரு ராத்திரி அப்படியே விட்டு, மறுநாள் மீண்டும் அளந்து இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். ஒரே மூச்சில் முழுச் சுற்று திருப்பக் கூடாது. கடைசியில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் ஈ ஸ்ட்ரிங் 2.5 மி.மீ. உயரத்தில் நின்றது. இன்டொனேஷனையும் (கழுத்து முழுக்கச் சுருதி பிசகாமல் இருப்பது) பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ட்யூனர் வைத்துச் சரிசெய்தாக வேண்டும், இல்லாவிட்டால் பதிவோடு சேர்த்து வாசிக்கும்போது மேல் நோட்டுகள் பிசகும்.

ஒற்றை விரல்தான் கஷ்டம். வேகத்தில் முந்திய நோட்டின் வால் நீளாமல் இருக்கக் காரணமே அதுதான் என்று வாசித்த பிறகுதான் புரிந்தது. அதே விரல் மறுபடி ஸ்ட்ரிங்கைத் தொட்டாக வேண்டும், தொட்டதும் பழைய நோட் நின்றுவிடுகிறது. இரண்டு விரல் மாற்றி மாற்றி வாசிக்கும்போது இந்த இடைவெளி சீராக விழுவதில்லை. இப்போதும் வேகமான பகுதிகளில் எனக்கு ஒற்றை விரல் போதவில்லை, அங்கே இரண்டு விரலுக்குப் போய்விடுகிறேன்.

இந்தக் கட்டத்தில் மியூஸ்ஸ்கோரில் நேரடியாக ஏற்றும் பழக்கத்தைக் கைவிட்டேன். எழுதியதை அது வாசித்துக் காட்டும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும். கால் நோட் என்று எழுதினால் கால் நோட் முழுக்க ஒலிக்கவிடும், நானும் தலையாட்டிவிட்டு அடுத்த பாருக்குப் போய்விடுவேன். அசலில் அந்த நோட் பாதியிலேயே நின்றிருக்கும். ஸ்டக்கட்டோ புள்ளி வைக்கலாம்தான், ஆனால் எவ்வளவு குட்டை என்பதை அந்தப் புள்ளி சொல்லாது.

அதற்குப் பதிலாகக் கட்டம் போட்ட கணக்கு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். ஒரு பாருக்கு 16 கட்டம், ஒரு கட்டம் ஒரு பதினாறாம் நோட். வாயில் 'தகதிமி' என்று சொன்னால் ஒரு பீட், நான்கு தகதிமி ஒரு பார். மேற்கத்திய பாடங்களில் வரும் 'ஒன் ஈ அண்ட் எ' என் நாக்கில் உட்காரவே இல்லை, தகதிமி தானாக வந்தது. நோட் தொடங்கும் கட்டத்தில் பென்சிலை வைத்து, அது நிற்கும் இடம் வரை கிடைமட்டமாகக் கோடு இழுப்பேன். கட்டத்தின் பாதியில் நின்றால் கோடும் பாதியில் நிற்கும். கோஸ்ட் நோட்டுக்குப் பெருக்கல் குறி. மௌனத்துக்கு வெறுங்கட்டம். கோட்டின் மேலே ஸ்ட்ரிங்கும் ஃப்ரெட்டும். பார்வைக்கு அழகாக இல்லை, ஆனால் ஒரு பார்வையில் எங்கே சத்தம், எங்கே சத்தமின்மை என்பது தெரிந்துவிடும். என்னைப் பொறுத்தவரை இந்த முயற்சி முழுவதும் உருப்பட்டது இந்தத் தாளில்தான்.

அதைச் சோதிக்க எடுத்தது டவர் ஆஃப் பவரின் 'வாட் இஸ் ஹிப்?', 1973. பேஸ் ராக்கோ ப்ரெஸ்டியா, ட்ரம்ஸ் டேவிட் கரிபால்டி. பெரும்பகுதி ஈ நோட்டிலேயே இடைவிடாத பதினாறாம் நோட்டுகள். டேப்பாக எழுதினால் ஒரே எண் வரிசையாக ஓடும், கற்றுக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும். அந்தப் பாட்டின் உயிரே அந்த நோட்டுகள் எவ்வளவு குட்டையாக இருக்கின்றன என்பதில் இருக்கிறது. ப்ரெஸ்டியா இடது கை விரல்களை ஸ்ட்ரிங் மேல் லேசாகப் படரவிட்டு ஒவ்வொரு நோட்டையும் பிறந்த கையோடு அடக்கிவிடுவார்.

முதலில் க்ளிக்கை (மெட்ரோனோம்) நிமிடத்துக்கு 100 பீட்டில் வைத்தேன். அந்த வேகத்தில் ஒரு பீட் 600 மில்லிசெகண்ட், ஒரு பதினாறாம் நோட் 150. என் வாசிப்பைப் பதிவு செய்து ஆடாசிட்டியில் பெரிதாக்கிப் பார்த்தால் நோட்டுகளுக்கு நடுவே இடைவெளியே இல்லை, அலை ஒரே பட்டையாகக் கிடந்தது. காதுக்கு அது கொழகொழவென்றும், கண்ணுக்குத் தெளிவாகவும் தெரிந்தது. திறந்த ஈ ஸ்ட்ரிங்கில் வாசித்தால் அடக்குவதற்கு இடது கையின் இரண்டு மூன்று விரல்களையாவது தட்டையாகக் கிடத்த வேண்டும். ஒரே விரலால் தொட்டால், தொட்ட இடத்தைப் பொறுத்து ஹார்மோனிக் கிளம்பி விசிலடிக்கும், குறிப்பாக ஐந்தாம், ஏழாம் ஃப்ரெட்டுகளின் மேல். 70-க்கு இறங்கி, ஒவ்வொரு 'த'வும் 'க'வும் தனித்தனிச் சொட்டாக விழும் வரை அதே வேகத்தில் வைத்திருந்தேன். அப்புறம் 4, 4 ஆக ஏற்றினேன். 94-க்கு மேல் வலது கை முன்கை இறுகிப்போகிறது. அங்கேயே நிறுத்திவைத்திருக்கிறேன். அசல் வேகத்தில் சில பார்கள் மட்டும் தாங்குகிறது, முழுப்பாட்டு இன்னும் இல்லை.

ஃபங்க் பேஸ் கலைஞர் லாரி கிரஹாமின் ஸ்லாப் பக்கமும் எட்டிப் பார்த்தேன். அம்மாவோடு ட்ரம்மர் இல்லாமல் வாசித்த காலத்தில் கட்டைவிரல் அடியைக் கிக்காகவும் விரலால் சுண்டுவதை ஸ்னேராகவும் வைத்து அந்த உத்தியை உருவாக்கியவர் அவர். ஃப்ளாட்வவுண்டும் ஸ்பாஞ்சும் போட்ட பேஸில் ஸ்லாப் செய்வது வீண். அதை மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

அடுத்து வந்தது என்னைச் சிக்கவைத்த ஒரு நல்ல பொறி. ஹெர்பி ஹான்காக்கின் 'கமீலியன்', 1973. தொடக்கத்தில் வரும் அந்தப் புகழ்பெற்ற பேஸ் வரியை எழுதுவது கடினமில்லை. ஜி, ஏ ஃப்ளாட், ஏ என்று அரை அரையாக ஏறி பி ஃப்ளாட்டில் உட்காரும். அதேபோல் சி, டி ஃப்ளாட், டி என்று ஏறி ஈ ஃப்ளாட்டில் உட்காரும். ஆனால் என்ன செய்தாலும் அந்த ஒலி வரவில்லை. டோன் குமிழைத் திருப்பினேன், பிக்கப்பை மாற்றினேன், விரல் இடத்தை மாற்றினேன். அது பேஸ் கிட்டாரே இல்லை. ஹான்காக் ஏஆர்பி ஒடிசி சிந்தசைசரில் வாசித்தது. பேஸ் கிட்டார்காரர் பால் ஜாக்சன் அதன் மேலே வேறொன்று வாசிக்கிறார். ஸ்டீவி வொண்டரின் 'சூப்பர்ஸ்டிஷன்' பாட்டிலும் இதே கதைதான், பேஸ் வரி மூக் சிந்தசைசர்.

ஆனாலும் அந்த வேலை வீணாகவில்லை. சிந்தசைசரில் விசையிலிருந்து விரலை எடுத்தால் நோட் சட்டென்று நிற்கும்படி வைத்துக்கொள்ளலாம், ஸ்ட்ரிங்கைப்போல வால் இருக்காது. அதனால் அந்த வரியில் நோட்டின் முடிவு, தொடக்கத்தைப் போலவே கூர்மையாகக் கேட்கிறது. கட்டத்தாளில் அதை எழுதியதுதான் எனக்கு இருந்ததிலேயே தெளிவான கோடுகள். அதைப் பார்த்து பேஸில் வாசிக்கும்போது இரண்டு கையாலும் நோட்டை நிறுத்தப் பழகினேன்: இடது கை அழுத்தத்தைத் தளர்த்துவது, வலது கை அடுத்த விரலை முன்கூட்டியே ஸ்ட்ரிங்கில் ஊன்றுவது.

கடைசியாக ஜாஸ். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. முதலில் 'சோ வாட்'. அதில் பேஸே மெலடியை வாசிக்கிறது. 32 பார் சுற்று: டி டோரியனில் 16 பார், ஈ ஃப்ளாட் டோரியனில் 8, மறுபடி டி-யில் 8. டோரியன் என்றால் கரகரப்ரியாவின் ஸ்வரங்கள்தான், அதனால் பாடிப் பார்க்கத் தடையே இல்லை.

தடை வேறு பக்கத்தில் வந்தது. பழைய வெளியீடு ஒன்றிலிருந்து எடுத்த பதிவை வைத்திருந்தேன். ட்யூனர் காட்டியது டி-யும் இல்லை, ஈ ஃப்ளாட்டும் இல்லை, நடுவில். பாட்டே டி-க்கும் ஈ ஃப்ளாட்டுக்கும் இடையில் ஏறி இறங்குவது என்பதால் எது எது என்று தலை சுற்றியது. என் பேஸின் ட்யூனிங்கையே சந்தேகப்பட்டேன். 1959 மார்ச் 2-ஆம் தேதி ஒலிப்பதிவின்போது ஒரு ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த ஒலிநாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி தூக்கலாகத்தான் வரும். இசைத்தட்டின் முதல் பக்கம் முழுவதும் அப்படியே பல வருடங்கள் வெளிவந்துகொண்டிருந்தது, 1990-களில் வந்த மறுவெளியீடுகளில்தான் சரிசெய்தார்கள். நான் ஆடாசிட்டியில் என் திறந்த டி ஸ்ட்ரிங்கோடு உரசல் இல்லாமல் ஒட்டும் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதியை இறக்கி வேலையைத் தொடர்ந்தேன். அப்போதிருந்து எந்தப் பழைய பதிவை எடுத்தாலும் எழுதுவதற்கு முன்னால் நீளமாக ஒலிக்கும் ஒரு நோட்டை ட்யூனரில் பார்த்துவிடுகிறேன். அந்தக் காலத்து ஒலிநாடாப் பதிவுகள் ஏ = 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதியில்தான் நிற்கும் என்று நம்பக் கூடாது.

அப்புறம் அதே பக்கத்தில் இருக்கும் 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்'. பி ஃப்ளாட் ப்ளூஸ், பன்னிரண்டு பார். ஆனால் கடைசி இரண்டு பாரில் வழக்கம்போல பி ஃப்ளாட்டுக்குத் திரும்பாமல் ஏ ஃப்ளாட்டுக்குப் போகும் இடம் வரும். அதை எதிர்பார்க்காமல் கேட்டால் பேஸ்காரர் வழி தவறிவிட்டார் என்று தோன்றும். பாருக்கு நான்கு நோட், ஒரு சுற்றுக்கு 48. ஃபங்க் மாதிரி பதினாறாம் கணக்கு இல்லை, பெரும்பாலும் கால் நோட்டுகள்தான். ஆனால் டபுள் பேஸில் ஒவ்வொரு நோட்டின் சுருதியும் மேல் ஒலிகளோடு குழம்பியே வருகிறது, பியானோவும் மேலே இருக்கிறது. ஒரு ஆக்டேவ் ஏற்றியும் சில நோட்டுகள் பிடிபடவில்லை. அங்கே நான் செய்தது: பிடிபடும் நோட்டுகளை முதலில் எழுதிவிட்டு, நடுவில் உள்ள ஓட்டையின் இரண்டு பக்கத்தையும் பார்த்து, வரக்கூடிய இரண்டு மூன்று நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிவோடு சேர்த்து வாசிப்பது. தவறான நோட் உரசும், சரியானது பதிவுக்குள் மறைந்துவிடும்.

எழுதியதில் கார்டு நோட்டுகளை வட்டமிட்டு, அடுத்த கார்டுக்கு அரை ஸ்வரத்தில் நெருங்கும் நோட்டுகளைச் சிவப்பில் குறித்தேன். சிவப்பு பெரும்பாலும் நான்காவது பீட்டில் விழுந்தது, வட்டம் முதல் பீட்டில். வாக்கிங் பற்றிப் படித்ததெல்லாம் அங்கே அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது, அதை மீறும் இடங்களும் தெரிந்தன. அந்த மீறல்களைத்தான் அதிகம் வாசித்துப் பார்த்தேன்.

நீளக்கோடு இங்கே வேறு விதமாக வேலை செய்தது. ஃபங்கில் குட்டையாக வெட்டப் பழகிய கை, வாக்கிங்கிலும் வெட்டியது, நொண்டுவதுபோல் இருந்தது. டபுள் பேஸில் நோட் அடுத்த நோட் வரை போய், போகப்போக மெலிந்துவிடும். பேஸ் கிட்டாரில் கடைசி வரை மெலியாமல் நிற்கும். ஸ்பாஞ்சைப் பிரிட்ஜ் ஓரத்துக்குத் தள்ளி, வலது கையைக் கழுத்தின் முடிவுக்கு அருகில் கொண்டுபோய், விரல் நுனிக்குப் பதில் விரலின் பக்கவாட்டுச் சதையால் மீட்டினேன். மெலிவது கொஞ்சம் வந்தது. அதோடுதான் பதிவும் என் வாசிப்பும் ஒட்டின.

மறுபடி முதலிலிருந்து செய்வதாக இருந்தால் கட்டத்தாளை முதல் பாட்டிலேயே எடுத்திருப்பேன், என் வாசிப்பைப் பதிவு செய்து கேட்பதையும் அன்றே தொடங்கியிருப்பேன். நான்கு பார் எழுதிவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவ மாட்டேன். ஜேமர்சன் போன்றவர்கள் இரண்டாம் சரணத்தில் முதல் சரணத்தை அப்படியே திருப்பி வாசிப்பதில்லை. நான்கு பாரோடு நின்றால் அவர்கள் எப்படி மாற்றுகிறார்கள் என்பது தெரியாமலே போகும். ஃப்ளாட்வவுண்டை வாங்குவதற்கு முன் ஸ்பாஞ்சைச் செருகிப் பார்த்திருப்பேன், முக்கால்வாசி மாற்றம் அதிலேயே வந்துவிட்டது. ட்ரஸ் ராட் வேலையும் மிச்சம்.

இப்போது கையில் இருப்பது ஸ்டேப்பிள் சிங்கர்ஸின் 'ஐ'ல் டேக் யூ தேர்', 1972, பேஸ் டேவிட் ஹுட். சி, எஃப் என்று இரண்டே கார்டு. இந்த முறை பாட்டைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை எழுதுவதாகத் திட்டம். கட்டத்தாளில் முதல் எட்டு பாருக்கு நோட்டுகள் முடிந்துவிட்டன, கோடுகளின் நீளத்தைத்தான் இன்னும் ரப்பர் வைத்து அழித்து அழித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.